மழை வந்தால் எங்கே ஓடுவார்கள்

இந்தப் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டவர்கள், "பணியில் தைரியம் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருவாய்த் துறையில் இருந்த காலம் முழுக்க என்னைப் 'பயந்தாங்கொள்ளி ஆர்.ஐ.' என்றுதான் அலுவலகத்தில் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என்னிடம் வந்து தைரியத்தைக் கேட்டால் எப்படி? பயத்தைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். அதில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது.

நீங்கள் எல்லோரும் வருவாய் ஆய்வாளராக, அதாவது ஆர்.ஐ.யாகப் போகிறீர்கள். உங்கள் மேசைக்கு வரப்போகிற தகராறுகளில் பாதி சோலார் தகராறாகத்தான் இருக்கும். விளைநிலத்தில் பேனல் போடலாமா கூடாதா என்று ஊர் இரண்டாக நிற்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உங்களை உட்கார வைப்பார்கள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த கதை இது.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். கரிசல் காடு, முழுக்க மானாவாரி. அந்தப் பக்கம் காடு என்றால் விளைநிலம்தான். அங்கே ஒரு சோலார் கம்பெனி வந்து, ஓடைக்குக் கிழக்கே இருந்த காடுகளைச் சேர்த்து வாங்கி வேலி போட்டது. ஓடைக்கு மேற்கே கொஞ்சம் விவசாயம் மிச்சம் இருந்தது. அதையொட்டி ஒரு பட்டாசு ஆலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே ஊரும் சோலாரும், மேற்கே காடும் பட்டாசு ஆலையும், நடுவில் ஓடை.

கொடுத்தவர்கள் சந்தோஷமாகத்தான் கொடுத்தார்கள். "காட்டுப்பன்னிக்கும் புழுவுக்கும் வெதைச்சது போதும் ஆர்.ஐ. அம்மா. பேனல் மழையக் கேக்காது, உரத்தக் கேக்காது, களையெடுக்க ஆளக் கேக்காது" என்று ஒரு பெரியவர் என்னிடம் கணக்காகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. கொடுக்காதவர்களில் முக்கியமானவர் சங்கரபாண்டி அண்ணாச்சி. ஓடைக்கு மேற்கே சின்னதாக ஒரு காடு, அதில் உளுந்து. "வேலியப் போட்டு வளைச்சிட்டாக. எங் காட்டுக்கு நான் ஆகாசத்துல பறந்தா போக?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. அதுதான் இந்த வேலையின் தொல்லை.

ஒரு சமாதானக் கூட்டத்தில் இரண்டு தரப்பும் பேசி ஓய்ந்த பிறகு, பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தார். அண்ணாச்சியின் மனைவி காளீஸ்வரி. சொந்தக் காடு சின்னது என்பதால் கூலிக்கும் போகிறவர். "நெலம் வச்சிருக்கவுக பேசிட்டீக. அம்புட்டுக் காட்டுலயும் களையெடுத்தது நாங்கதான். நாங்க எங்கன போக?" என்றார். நான் அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை. கூட்டம் பட்டாதாரர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் கூட்டியது. களையெடுப்பவர்களுக்கு ஏது பட்டா? அடுத்த சில மாதங்களில் அந்தப் பெண்கள் எல்லோரும் காலையில் பட்டாசு ஆலை வேனில் ஏற ஆரம்பித்தார்கள். காளீஸ்வரிக்கு வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

இப்போது அந்த ஓடையைச் சொல்ல வேண்டும். ஓடை என்றதும் தண்ணீரை நினைக்காதீர்கள். வருடத்தில் பெரும்பகுதி அது ஆடு போகிற தடம், அவ்வளவுதான். கோடையில் வந்து பார்க்கிற வெளியூர்க்காரருக்கு அது ஓடை என்று தெரியவே தெரியாது. சோலார் கம்பெனியின் சைட் மேனேஜர் தினேஷ் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், நல்ல பிள்ளை. பேனல் லாரிகள் மேற்கே மெயின் ரோட்டிலிருந்து வருவதற்காக ஓடையின் குறுக்கே கிராவல் மண் கொட்டி உயர்த்தி ஒரு பாதை போட்டார். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவதாகத்தான் சொன்னார். பிறகு பேனல் கழுவுகிற டேங்கர் அதில் வந்தது. பட்டாசு ஆலை வேனும் அதில் வந்தது. சண்டை போட்ட சங்கரபாண்டி அண்ணாச்சியின் டிராக்டரும் அதில்தான் வந்தது. எல்லோருக்கும் சௌகரியமாக இருந்த ஒரு பாதையை எடு என்று யார் சொல்வார்கள்? மழை இல்லாத ஊரில் தண்ணீரைப் பற்றிய கவலை அவ்வளவு சீக்கிரம் வராது.

அந்த வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கடைசி லோடுகள் ஏறிக்கொண்டிருந்த நேரம். மேற்கே இருந்து வந்த தண்ணீர் கிராவல் பாதையில் முட்டி நின்று, பின்னால் பரவியது. அண்ணாச்சியின் உளுந்து முழுகியது. பட்டாசு ஆலையின் வேலி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் காலையில் வெயில் அடித்தது. அண்ணாச்சி ஆட்களைத் திரட்டிக்கொண்டு அந்தப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாதையை வெட்டி ஓடையைத் திறக்கும் வரை ஒரு வண்டி போகக் கூடாது என்று மறியல். என்னைப் போகச் சொன்னார்கள். தாசில்தார் இருக்கன்குடிப் பக்கம் வெள்ள வேலையில் இருந்தார்.

நான் போகும்போது வெயில் மங்கிவிட்டது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பாதையில் ஒரு பக்கம் அண்ணாச்சி, இன்னொரு பக்கம் தினேஷ், தினேஷுக்குப் பின்னால் கம்பெனியின் ஜே.சி.பி.

"இப்ப வெட்டச் சொல்லுங்க ஆர்.ஐ. அம்மா. ஓடை சர்க்கார் ஓடை. இவுக அப்பன் வீட்டுதா?" என்றார் அண்ணாச்சி.

"மேடம், வெட்டறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா ஓடை கீழ கிழக்கால திரும்புதுங்க, தண்ணி நேரா பேனலுக்கு அடியிலதான் போகும். பகல்ல வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பேனல்ல கரண்ட் இருந்துட்டேதான் இருக்கும், மேகமா இருந்தாலும். உள்ள என் ஆளுங்க வேலை செய்யறாங்க. எல்லாரையும் வெளிய எடுத்து, லைனைப் பிரிச்சுட்டுத்தான் வெட்ட முடியும். மேலிடத்துலயும் கேக்கணும்" என்றார் தினேஷ்.

"கேட்டுக்கிட்டே இரும். எங் காடு அதுக்குள்ள அழுகிப்போகும்."

வெட்டுவதா, வேண்டாமா. இரண்டு பக்கமும் அந்த ஒரே கேள்வியைத்தான் என் மேல் எறிந்தார்கள். நானும் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். வெட்டச் சொல்லி ஒருவருக்கு ஷாக் அடித்தால் நான் என்ன ஆவேன்? வெட்டாமல் விட்டு மறியல் அடிதடியானால்? எழுத்தில் உத்தரவு இல்லாமல் நான் யார் சொல்வதற்கு? கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன். பதற்றம் வந்தால் அப்படிச் செய்வேன்.

மழை விழுந்தது. பெரிய துளிகள்.

அப்போது தற்செயலாக மேற்கே பார்த்தேன். ஆலை வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெளியே வரவில்லை. உள்ளே ஓடினார்கள். காலை வெயிலை நம்பி மேடையில் காயப் போட்டிருந்த வெடிகளைத் தட்டுத் தட்டாக அள்ளிக்கொண்டு, பக்கத்தில் எந்த அறை இருக்கிறதோ அந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது யோசித்துச் செய்கிற வேலை கிடையாது. மழை வந்தால் களத்தில் கிடப்பதை அள்ள வேண்டும். மிளகாய் வற்றலோ உளுந்தோ, ஓடிப்போய் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். பிறந்ததிலிருந்து கைக்குப் பழகியது. மழை, மின்னல் என்றால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று பட்டாசு ஆலையில் எழுதிப் போட்டிருக்கிறது. ஆனால் கை அதைக் கேட்குமா? பாதையில் நின்றவர்கள் எல்லோரும் அந்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை.

எனக்குப் பட்டது. பட்டாசுப் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே நெருப்பைவிடத் தண்ணீர் மோசம். அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால், அது உள்ளுக்குள் தானாகச் சூடேறிக்கொண்டே இருக்கும். புகையாது, மணக்காது. எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"அண்ணாச்சி, மதினி இன்னிக்கு வேலைக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"போயிருக்கா. அங்கனதான..." என்று கையைக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. தண்ணீர் மருந்து அறை வரிசையின் வாசல்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி ஓடினார். மறியல் முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. எல்லோரும் பின்னாலேயே ஓடினோம்.

ஆலைக்குள் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பெண்கள் நிற்கவில்லை. "லோடு நனைஞ்சா மொதலாளி ஏசுவாக" என்று என்னை விலக்கிக்கொண்டு போனார்கள். காளீஸ்வரி ஒரு தட்டோடு மருந்து அறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே காலையில் கலந்த மருந்து மிச்சம் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே நனைந்த வெடிகளை அடுக்கியிருந்தார்கள். தரையெல்லாம் சேறு. அண்ணாச்சி போய் மனைவியின் கையிலிருந்த தட்டை வாங்கி, மழையிலேயே கீழே வைத்தார்.

"நனையட்டும். வா வெளிய."

"ஒமக்கென்ன கிறுக்கா? யாரு பதில் சொல்லுறது?"

"நான் சொல்லுதேன். வா."

அவர் குரலில் என்ன இருந்ததோ, காளீஸ்வரி வந்தார். அவர் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். தினேஷ் மேட்டில் இருந்த தன் ஸ்டோர் ஷெட்டைத் திறந்துவிட்டு எல்லோரையும் உள்ளே உட்கார வைத்தார். பிறகு தன் ஆட்களையும் வெளியே எடுத்து, லைனைப் பிரித்து, மேலிடத்தைக் கேட்காமலேயே ஜே.சி.பி.யை அனுப்பினார். பாதை வெட்டப்பட்டது. தண்ணீர் பழைய தடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு பேனல்களுக்கு அடியில் போனது. அதனால் கம்பெனிக்கு நஷ்டம், தினேஷுக்கு விளக்கக் கடிதம். அந்தப் பிள்ளையை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

இவ்வளவு நேரம் சண்டை போட்டோமே, வெட்டுவதா வேண்டாமா என்று, அது ஆட்கள் வெளியே வந்த பிறகு சுலபமான கேள்வியாகிவிட்டது. முதலில் கேட்டிருக்க வேண்டியது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது. இதை எழுதிக்கொள்ளத் தேவையில்லை, ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெயர். சாயங்காலம் தண்ணீர் வடிந்துவிட்டது. ஒன்றும் வெடிக்கவில்லை. ஆலையில் வேலையை மேற்பார்க்கிற போர்மேனிடம் நான் கேட் சாவியைக் கேட்டேன். காலையில் பட்டாசு ஆய்வுக் குழு வந்து பார்க்கும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீங்க புடுங்கிட்டீகன்னு மொதலாளிகிட்ட சொல்லிக்கிடுதேன்" என்று சாவியை என் கையில் வைத்தார். அவருக்கும் பயம்தான். ஆனால் அவர் பயப்படுவதற்கு அனுமதி இல்லை.

தாசில்தாருக்குப் போன் போட்டேன். எழுத்தில் உத்தரவு கேட்டேன். "இங்க கரை ஒடையுற நிலைமைம்மா. எழுத்துல எதுவும் இப்ப முடியாது. நான் வர்ற வரைக்கும் அங்க நீங்கதான் தாசில்தார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அது எனக்குக் கிடைத்த பாராட்டா தண்டனையா என்று தெரியவில்லை. அன்றைக்கு நான் தூங்கவில்லை. சாவி பைக்குள் இருக்கிறதா என்று எத்தனை தடவை எழுந்து பார்த்தேனோ.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் போவதற்கு முன்பே வேன் சுற்றுவழியில் வந்துவிட்டது. பெண்கள் கேட்டில் நின்றார்கள். ஆய்வுக் குழு வருகிற வழியில் பாலத்தில் தண்ணீர் என்று தகவல், எப்போது வருவார்கள் என்று தெரியாது. முதலாளி போனில், "லோடு இன்னைக்கு ஏறலேன்னா ஆர்டர் போச்சு. நீங்க பொறுப்பேத்துக்குவீகளா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார், அதுதான் இன்னும் கஷ்டம். சங்கரபாண்டி அண்ணாச்சிகூட, "தண்ணிதான் வடிஞ்சிருச்சே. தெறந்து விடுங்களேன்" என்றார்.

காளீஸ்வரி என் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து அரைநாள் போச்சு. இன்னைக்கும் போச்சுன்னா தீவாளிக்குப் பிள்ளைகளுக்கு என்னத்த எடுக்க? ஒங்களுக்கென்ன, பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவீக. மாசம் பொறந்தா சம்பளம்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. உண்மைதானே.

போர்மேன் நடுவில் வந்தார். "ஆர்.ஐ. அம்மா, இப்படிச் செய்வோம். மருந்து அறையப் பூட்டியே வச்சிருவோம். பேக்கிங் மட்டும் நடக்கட்டும். அது அந்தக் கடைசியில இருக்கு."

எவ்வளவு நியாயமான பேச்சு பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போகிறது. சமாதானக் கூட்டங்களில் நான் தேடித்தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரியான வழி. என் கை பைக்குள் போய்விட்டது. சாவி விரலில் பட்டது. வெளியே எடுத்திருப்பேன். ஆனால் பூட்டை இழுத்துப் பார்க்கிற புத்தி போகுமா? "மருந்து அறைப் பக்கம் நிச்சயமாக யாரும் போகமாட்டீங்களே?" என்று கேட்டேன்.

"நேத்து அள்ளிப் போட்டதெல்லாம் அங்கதான கெடக்கு? அத எடுக்காம எதப் பேக்கிங் பண்ண?" என்றார் காளீஸ்வரி. "நான் போயி முதல்ல அதத் தெறந்து கூட்டிவிட்டாத்தான் மத்தவுகளுக்கு வேலை."

போர்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பையை மூடினேன். சட்டம் சொல்லியிருக்கலாம், விதி சொல்லியிருக்கலாம். "எனக்குப் பயமா இருக்கு. திறக்க மாட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "பயமா இருக்காம்லே" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். காளீஸ்வரி சிரிக்கவில்லை. என்னைத் திட்டினார். நான் படித்த படிப்பை, கட்டியிருந்த சேலையை, என் வீட்டு அடுப்பை, ஒன்றையும் விடவில்லை. நான் கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். வெயில் ஏறியது. நாம் ஒரு காரணமும் இல்லாமல் இத்தனை பேர் வயிற்றில் அடிக்கிறோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியமாகத் தெரியாது.

அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே மருந்து அறை வெடித்தது.

முதுகில் கேட் வந்து அறைந்தது. குப்புற விழுந்தேன். காதுக்குள் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. எழுந்து பார்த்தபோது அந்த வரிசையில் மருந்து அறை இருந்த இடத்தில் புகை மட்டும் நின்றது. ஓட்டுத் துண்டுகள் வயலில் விழுந்துகொண்டிருந்தன. பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்த்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். போர்மேன் மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அண்ணாச்சி மனைவியின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

பயந்தாங்கொள்ளிக்கு அன்றைக்கு எல்லோரும் கைகொடுத்தார்கள். பிறகு நிறைய நடந்தது. ஓடையில் குழாய்ப் பாலம் கட்டினார்கள். வேலியைச் சுற்றி விவசாயிகளுக்குத் தடம் விட்டார்கள். சோலார் நல்லதா கெட்டதா என்று அந்த ஊர் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது. ஆலை லைசென்ஸ் ரத்தானது. உங்களுக்குக் கேட்பதற்குத் திருப்தியாக இருக்கும். எனக்கும் அந்தக் காலையில் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தது.

காளீஸ்வரி கணவரின் கையை விலக்கிவிட்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் புழுதி. தினமும் அந்நேரத்துக்குத் தான் நின்றிருக்கும் இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டாம் என்று நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"உசுரோட நிக்கேன் ஆர்.ஐ. அம்மா. மறக்க மாட்டேன்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "காட்டு வேலையும் போச்சு. இதுவும் போச்சு. இனி நாங்க எங்கன போக?"

கூட்டத்தில் கேட்ட அதே கேள்வி. வேன் டிரைவர் வண்டியைத் திருப்பி ஹாரன் அடித்தார். ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்தப் பெண்கள் அங்கேயே நின்றார்கள்.

பதில் தெரியாமலேயே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். உங்களிடமும் கேட்பார்கள்.